பிச்சாவரத்தில் கயாக் ஓட்டப் போறீங்களா? சாலையில் இடது... தண்ணீரில் வலது!

பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குள் ஒரு குறுகிய வாய்க்கால். இரண்டு கரை மரங்களும் குனிந்து மேலே கூரை போட்டிருக்கின்றன. கயாக்கின் முனை ஒரு வளைவில் திரும்புகிறது. அங்கே தண்ணீருக்கு மேல் ஒரு தலை மட்டும் தெரிகிறது.

குளிக்கிறவர் இல்லை. தவறி விழுந்தவரும் இல்லை. கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, அடியில் இருக்கும் சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். பிடித்த இறாலைப் போட்டுவைக்கும் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியிருக்கிறார். கை இரண்டும் தண்ணீருக்கு அடியில். வாயில் பறி. "பார்த்து வாங்க" என்று சத்தம் போடக்கூட அவரால் முடியாது.

எனவே, பார்த்து வர வேண்டிய பொறுப்பு முழுவதும் கயாக்கில் வருகிறவருடையது.

வார விடுமுறைக்கு பிச்சாவரம் கிளம்புகிற குடும்பங்களும் நண்பர்கள் கூட்டமும் டிக்கெட், சாப்பாடு, தங்குமிடம் எல்லாவற்றையும் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால், தண்ணீரில் இறங்கிய பிறகு எப்படி நடந்துகொள்வது என்பதை யாரும் தேடுவதில்லை. அது தெரிந்தால் பயணம் இன்னும் நன்றாக இருக்கும். உங்களுக்கு மட்டுமல்ல, அங்கே இருப்பவர்களுக்கும்!

காட்டுக்குள் ஒரு தண்ணீர்ச் சாலை

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர் போனால் பிச்சாவரம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே, ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கிறது இந்த அலையாத்திக் காடு. சின்னச் சின்னத் திட்டுகள், அவற்றுக்கு நடுவே பின்னிப் பின்னி ஓடும் வாய்க்கால்கள், கிழக்கே மணல்மேடு, அதற்கு அப்பால் வங்கக் கடல்.

எம்.ஜி.ஆர் நடித்த 'இதயக்கனி' (1975) படத்திலேயே தமிழ் ரசிகர்கள் இந்தக் காட்டைப் பார்த்துவிட்டார்கள். 2008-ல் வந்த 'தசாவதாரம்' இன்னொரு தலைமுறையை இங்கே அழைத்துவந்தது. 2022-ல் பிச்சாவரத்துக்கு, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது.

படகுத்துறையில் துடுப்புப் படகும் மோட்டார் படகும்தான் நெடுங்காலமாகப் பிரபலம். இப்போது இளைஞர்களின் கண் கயாக் மேல். ஆர்க்டிக் பகுதியின் இனுவிட் மக்கள் வேட்டைக்காக உருவாக்கிய படகு இது. ஒருவரோ இருவரோ உட்காரலாம். இரண்டு முனையிலும் தட்டை வைத்த ஒரே துடுப்பு. எடை குறைவு, சத்தம் கிடையாது, அரை அடித் தண்ணீர் இருந்தாலும் மிதக்கும்.

இந்த வசதிகள்தான் இங்கே பிரச்னையும்கூட. மோட்டார் படகு நுழைய முடியாத வாய்க்காலுக்குள்ளும் கயாக் நுழைந்துவிடும். சத்தம் இல்லாததால், அது வருவது யாருக்கும் தெரியாது. பெரிய படகு எட்டாத, அமைதியான, ஆழம் குறைந்த இடங்களில்தானே மற்றவர்களின் வேலையும் நடக்கிறது?

யாருடைய தண்ணீர் இது?

கையால் தடவி இறாலும் நண்டும் பிடிப்பவர்கள் இங்குள்ள இருளர் பழங்குடி மக்கள். தமிழ்நாட்டில் குறிப்பாகப் பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் 6 சமூகங்களில் இருளரும் ஒன்று. படகும் வலையும் வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு, இந்த வாய்க்காலும் பத்து விரல்களும்தான் முதலீடு. ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து தண்ணீருக்குள் இறங்கி, மெல்ல மெல்ல நகர்ந்து, சேற்றில் பதுங்கியிருக்கும் இறாலைத் தொட்டே கண்டுபிடிக்கிறார்கள். கண்ணுக்கு வேலையே இல்லை. எல்லாம் விரல் நுனியில்.

அந்த இடத்தில் ஒரு கயாக் துடுப்பால் சேற்றைக் கிளறிக்கொண்டு போனால், கைக்குத் தட்டுப்பட வேண்டிய இறால் விலகிப்போகும். பின்னாலேயே இன்னும் நான்கு கயாக் வந்தால், அந்த வாய்க்காலில் அன்றைய வேலை அவ்வளவுதான். சுற்றுலா வந்தவருக்கு அது இரண்டு நிமிடம். அவருக்கோ அன்றாடக் கூலி.

இவர்கள் தவிர, சுற்றுப்பட்டுக் கிராமங்களின் மீனவர்கள் இருக்கிறார்கள். வீச்சுவலை வீசுகிறவர்கள், கழி நட்டு வலை கட்டுகிறவர்கள், கடலுக்கும் கரைக்கும் படகில் போய் வருகிறவர்கள். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்கத் துடுப்புப் போடும் படகோட்டிகள் இருக்கிறார்கள். காட்டைக் காவல் காக்கும் வனத்துறையினர் இருக்கிறார்கள். பாதி நாள் மட்டும் வந்துபோகும் விருந்தாளி, கயாக்கில் இருப்பவர் மட்டும்தான்.

இருளர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தால், முதலில் துடுப்பை நிறுத்துங்கள். தூரத்திலேயே குரல் கொடுங்கள். "அக்கா, எந்தப் பக்கமா போகட்டும்?" இந்த ஒரு கேள்வி போதும். அவர் தலையை அசைத்தோ கண்ணைக் காட்டியோ வழி சொல்வார். அந்தப் பக்கமாக, தண்ணீரை அதிகம் கலக்காமல் மிதந்து கடந்துபோகலாம். வாய்க்கால் மிகவும் குறுகலாக இருந்தால், வந்த வழியே திரும்பிவிடுவதுதான் நல்லது. போக இங்கே வேறு வாய்க்கால்களா இல்லை?

சாலையில் இடது... தண்ணீரில் வலது

வண்டி ஓட்டிப் பழகிய எல்லோரும் தண்ணீரில் செய்யும் முதல் தவறு இது. எதிரே படகு வந்தால், கை தானாகவே இடதுபக்கம் ஒதுங்கப் பார்க்கும். ஆனால், தண்ணீரில் விதி வேறு. 1972-ல் உருவான, கப்பல்கள் மோதலைத் தவிர்ப்பதற்கான சர்வதேச விதிகள், குறுகிய நீர்வழியில் வலதுகரையை ஒட்டிப் போகச் சொல்கின்றன. இரண்டு படகுகள் நேருக்கு நேர் வந்தால், இரண்டுமே வலதுபக்கம் திரும்ப வேண்டும். உலகம் முழுக்கக் கயாக் ஓட்டுகிறவர்கள் பின்பற்றும் வழக்கமும் இதுதான்.

அதே நேரம், இந்த வாய்க்கால்களில் எங்கே ஆழம், எங்கே சேறு, எந்த வேர் தண்ணீருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் உள்ளூர்ப் படகோட்டிக்குத்தான் தெரியும். அவர் கையைக் காட்டி "அந்தப் பக்கம் போங்க" என்றால், புத்தக விதியை அங்கேயே விட்டுவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முந்திப் போகும்போதும் ஒரு முறை இருக்கிறது. பின்னால் வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும், முன்னால் போகிறவர் அல்ல. முன்னால் துடுப்புப் படகு போனால், உட்கார்ந்து துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டியபடி இருக்கலாம். அவர் தன்னைப் பார்த்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு குறுக்கே புகக் கூடாது. "அண்ணே, வலதுபக்கமா வர்றோம்" என்று சொல்லிவிட்டுக் கடக்கலாம்.

குறுகிய வாய்க்காலின் வாயில் உள்ளேயிருந்து ஒரு படகு வந்துகொண்டிருந்தால், அது வெளியே வரும்வரை வெளியிலேயே நில்லுங்கள். பஸ்ஸில் இறங்குகிறவர்களுக்கு முதலில் வழிவிடுவதுபோலத்தான். ஏழெட்டுப் பேரை ஏற்றிய படகை அந்த இடுக்கில் பின்னால் எடுப்பது கஷ்டம். கயாக்கை நிறுத்துவதும் திருப்புவதும் சுலபம். எது சுலபமாக ஒதுங்க முடியுமோ, அது ஒதுங்குவதுதான் தண்ணீரில் நாகரிகம்.

மோட்டார் படகு விஷயத்தில் மரியாதையோடு உயிர்ப் பயமும் சேர்ந்துகொள்ள வேண்டும். கயாக்கில் உட்கார்ந்திருப்பவர் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கிறார். வெயில் கண்ணைக் கூசும்போது, மோட்டார் படகில் இருப்பவருக்கு அவர் தெரியாமலே போகலாம். அகலமான கால்வாயைக் கடக்க வேண்டுமென்றால், இருபுறமும் பார்த்து, நேர்க்கோட்டில், எல்லோரும் சேர்ந்து சட்டென்று கடந்துவிடுங்கள். மோட்டார் படகு எழுப்பும் அலை வந்தால், பக்கவாட்டில் வாங்காமல் கயாக்கின் முனையை அலைக்கு நேராகத் திருப்புங்கள்.

கூட்டமாகப் போகிறவர்கள் வரிசையாகப் போகலாமே? பத்துக் கயாக்குகளை ஒன்றோடொன்று கோத்து, வாய்க்காலை அடைத்து குரூப் போட்டோ எடுப்பது பார்க்க அழகுதான். பின்னால் சவாரியோடு காத்திருக்கும் படகோட்டிக்கு அது அழகாகத் தெரியாது.

கழி தெரிந்தால்... வலை இருக்கும்

தண்ணீருக்கு மேல் மூங்கில் கழிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தால், அவற்றுக்கு நடுவே வலை கட்டியிருக்கலாம். மிதக்கும் தெர்மாகோல் துண்டோ பிளாஸ்டிக் பாட்டிலோ குப்பையாக இல்லாமல், வலையின் மிதவையாகவும் இருக்கலாம். சுத்தம் செய்கிறோம் என்று நல்ல எண்ணத்தில் அதை இழுத்துப்பார்க்க வேண்டாம். கழியைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுப்பதும் வேண்டாம். துடுப்பு சிக்கி வலை கிழிந்தால், அதைச் சரிசெய்ய ஒரு நாள் போய்விடும்.

தெரியாமல் சிக்கிவிட்டால், அறுத்துக்கொண்டு ஓடாமல் பொறுமையாக விடுவிக்கப் பாருங்கள். முடியாவிட்டால், அருகில் இருக்கும் மீனவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வலை கிழிந்திருந்தால், கரைக்கு வந்ததும் படகுத்துறையில் சொல்லி, உரியவருக்கு ஈடு கொடுத்துவிடுவதுதான் நியாயம்.

வீச்சுவலையோடு ஒருவர் நிற்கிறார் என்றால், அவர் வலையை வீசி இழுத்து முடிக்கும்வரை காத்திருங்கள். அவருக்கு முன்னால் போகாமல் பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள். காத்திருக்கும் அந்த நேரமும் வீணில்லை. விரிந்து விழும் வலையைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்காகவே மெனக்கெட்டு வருகிறவர்கள் உண்டு!

படம் எடுக்கும் முன்...

நனைந்த உடையோடு தண்ணீரில் வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பதும், ரீல்ஸில் போடுவதும் பெரிய அவமரியாதை. இது அவர்கள் வேலை செய்யும் இடம். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரை, முன்பின் தெரியாதவர் வந்து வீடியோ எடுத்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? முதலில் கேளுங்கள். தலையை ஆட்டி மறுத்தால், சிரித்துவிட்டு நகருங்கள்.

ட்ரோன் பறக்கவிட ஆசைப்படுகிறவர்கள், உரிய அனுமதி இல்லாமல் முயல வேண்டாம். புளூடூத் ஸ்பீக்கரும் அப்படித்தான். தண்ணீரின் மேல் சத்தம் வெகுதூரம் போகும். குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளோடு, கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் இருக்கிற காடு இது. பறவை கழுத்தை நிமிர்த்தி உங்களையே பார்க்கிறதா? போதும், அதற்கு மேல் நெருங்க வேண்டாம். பறக்கவைத்துப் படம் எடுப்பதற்காகத் துடுப்பால் தண்ணீரை அடிக்கிறவர்கள் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். அந்தப் பறவை இரை தேடிக்கொண்டிருந்தது.

மரத்துக்கும் மரியாதை உண்டு

தண்ணீருக்குள் வளைந்து வளைந்து கால் ஊன்றி நிற்கும் மரம் சுரபுன்னை. கரைச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள். காற்றுப் புகாத சேற்றில் மரம் இவற்றின் வழியாகத்தான் சுவாசிக்கிறது. கயாக்கை அதன்மேல் ஏற்றி நிறுத்துவதும், இறங்கி மிதிப்பதும் மரத்தின் மூக்கைப் பொத்துவது மாதிரி.

சுரபுன்னைக் கிளைகளில் முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்குவது காய் அல்ல. விதை மரத்திலேயே முளைத்து வளர்ந்த இளங்கன்று. விழுந்து சேற்றில் வேர்பிடிக்கக் காத்திருக்கிறது. விளையாட்டாக அதைப் பறித்தால், ஒரு மரம் போச்சு.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரமும் இந்தக் காட்டில் இருக்கிறது. இதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலோடு பார்வையே சில காலம் மறைந்துபோகலாம். கிளையை ஒடிக்காமல் இருப்பது மரத்துக்கு மட்டுமல்ல, உங்கள் கண்ணுக்கும் நல்லது.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, இந்தக் காட்டின் மறைவில் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை, பரங்கிப்பேட்டையில் இயங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடலிலிருந்து இருக்கும் தூரமும் நிலத்தின் உயரமும்கூடக் காரணம் என்ற விவாதம் உண்டு. ஆனாலும், காடு தங்களைக் காத்தது என்ற நன்றி இந்தப் பகுதி மக்களிடம் இருக்கிறது.

இந்தக் காடு தானாகவே இப்படிப் பச்சையாக நிற்கவில்லை. பழைய காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் நிலம் தாழ்ந்து, கடல் தண்ணீர் தேங்கி, உப்பேறி, எதுவும் முளைக்காமல் கிடந்தது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஓதத் தண்ணீர் வந்துபோக வழிசெய்து, கன்று நட்டு மீட்டார்கள். எனவே, படகுத்துறையில் "இந்த வாய்க்காலுக்குள் போகாதீங்க" என்று சொன்னால், "ஏன்?" என்று வாதாட வேண்டாம்.

படகுத்துறையில் ஆரம்பிக்கிறது நாகரிகம்

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொள்வது, செல்போனைத் தண்ணீர் புகாத உறையில் போடுவது, தொப்பி தேடுவது, கழிப்பறைக்குப் போய் வருவது எல்லாவற்றையும் கரையிலேயே முடித்துவிட்டுப் படகுத்துறைக்கு வாருங்கள். கயாக்கில் உட்கார்ந்துகொண்டு செல்ஃபி எடுத்தால், பின்னால் வரிசை நீளும். திரும்பி வரும்போதும் அப்படித்தான். இறங்கியதும் கயாக்கை ஓரமாக இழுத்துவிட்டு, அடுத்தவருக்கு இடம் கொடுங்கள்.

ஓதம் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று கிளம்பும் முன் கேளுங்கள். வற்றும்போது உள்ளே மாட்டிக்கொண்டால், கயாக் சேற்றில் உட்கார்ந்துவிடும். இறங்கித் தள்ளலாம் என்று காலை வைத்தால் முழங்கால்வரை புதையும். வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் கத்தி மாதிரி கிழிக்கும். கடைசியில் ஒரு படகோட்டி தன் சவாரியை விட்டுவிட்டு உங்களை மீட்க வர வேண்டியிருக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்றும் எழும் என்பதால், புதிதாக ஓட்டுகிறவர்களுக்குக் காலை நேரமே நல்லது.

பாட்டில், பிஸ்கட் கவர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கயாக்கோடு கட்டிவிடுங்கள். கயாக் கவிழ்ந்தாலும் தண்ணீரில் சிதறாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். கண்ணாடி பாட்டில் அறவே கூடாது. இந்தச் சேற்றுக்குள் ஒரு கண்ணாடிச் சில்லு விழுந்தால், அதை முதலில் கண்டுபிடிக்கப்போவது கையால் இறால் தேடும் அந்தப் பெண்ணின் விரல்தான்.

யாராவது கவிழ்ந்தால், அவர் உங்கள் குழுவைச் சேர்ந்தவரோ இல்லையோ, முதலில் அவரைக் கவனியுங்கள். ஆளுக்குப் பிறகுதான் கயாக், துடுப்பு, செல்போன். நீந்தத் தெரிந்தவரும் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை மாட்டியே இருக்க வேண்டும். அதில் விசில் இருந்தால், மூன்று முறை ஊதுவது உதவிக்கான அழைப்பு. விளையாட்டுக்கு ஊதிக்கொண்டே இருந்தால், நிஜமாகவே ஊதும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வளைவில் ஒரு நொடி

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொள்வது கஷ்டம் என்றால், ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் துடுப்பை நிறுத்திவிட்டு ஒரு குரல் கொடுங்கள். எதிரே பார்வைக்குத் தெரியாத இடத்தில் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே திரும்புங்கள்.

பல நேரம் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். வேரிலிருந்து ஒரு நண்டு தண்ணீருக்குள் குதிக்கும். ஒரு மீன்கொத்தி நீலமாகக் குறுக்கே பறக்கும். சில நேரம், பறியைப் பல்லில் கவ்வியபடி ஒருவர் திரும்பிப் பார்ப்பார். நின்றிருக்கும் கயாக்கைப் பார்த்ததும், எந்தப் பக்கம் போகலாம் என்று தலையை அசைத்துக் காட்டிவிட்டு, மறுபடியும் சேற்றைத் தடவ ஆரம்பிப்பார்.

வலதுகரையை ஒட்டி, சத்தமில்லாமல் கயாக் கடந்துபோகட்டும். அன்றைக்கு அவருடைய பறியும் நிறையட்டும்.